அக்காவின் கணினிக்கு அச்சு வேண்டாம்

"மனித இனத்தை இரண்டாகப் பிரிக்கலாம். தன்னோட கம்ப்யூட்டர்ல ஓடுற ஒவ்வொரு மென்பொருளையும் மூலநிரல்லேர்ந்து தானே கட்டிக்கிறவன் ஒரு பக்கம். எவனோ கட்டி வச்சதை அப்படியே இறக்கி வாயில போட்டுக்கிறவன் இன்னொரு பக்கம். முதல் வகைதான் மனித இனம். ரெண்டாவது வகை வெறும் வாடிக்கையாளர்."

இதைச் சொன்னவன் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுரைக்கு நடுவிலும் ஒரு சொல்கூடச் சிதையவில்லை. குளியலறைக்கு வெளியே, தோளில் துண்டோடு காத்திருந்த அத்தான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி மச்சான். வாடிக்கையாளருக்கு ஆஃபீசுக்கு நேரமாச்சு. மனித இனம் கொஞ்சம் வெளிய வருதா?"

சமையலறையிலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் வாய் கொப்பளித்தான். தான் சொன்னதற்கு அக்கா சிரித்து எத்தனையோ நாளாயிற்று. இப்போதெல்லாம் அவன் சொல்வதற்கு அத்தான் சொல்லும் பதிலுக்குத்தான் சிரிக்கிறாள்.

அவன் கணினி அறிவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். கல்லூரி பக்கம் என்பதால் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். அவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்: அவனும் அக்காவும் இருந்த வீட்டில் அத்தான் வந்து தங்கியிருக்கிறார். விஷயத்தை இந்தக் கோணத்தில் பார்ப்பவர் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

அவன் தன் கணினியிலும் அக்காவின் கணினியிலும் போட்டிருந்த இயங்குதளம் அலாதியானது. ஊரில் எல்லாரும் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் தயாராக இருக்கும் பேக்கேஜை இறக்கிப் பொருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதில் மூலநிரல் மட்டும்தான் வந்து இறங்கும், செங்கல்லும் சிமெண்டும் மாதிரி. கணினியே உட்கார்ந்து அதைத் தனக்குத் தக்கபடி கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மென்பொருளாக இருந்தால் காலையில் அஸ்திவாரம் தோண்டி மாலையில்தான் குடிபோக முடியும். அதுவரை கணினிக்குள் இருக்கும் விசிறி கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பப்போவது போலக் கத்தும். அத்தான் அதற்கு ஹெலிகாப்டர் என்று பெயர் வைத்திருந்தார். அவனுக்குக் கொத்தனார் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயர் கல்லூரி வரைக்கும் எப்படி நடந்து போனதென்று தெரியவில்லை. அத்தான் வைக்கும் பெயர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும், அத்தானைப் போலவே.

கட்டுவதற்கு முன்னால் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் கொத்தனாருக்கு இதில் மிகவும் பிடித்தது. புளூடூத் வேண்டாமா, ஒரு சொல் எழுதினால் போதும். அதன் பிறகு கட்டப்படும் எந்த மென்பொருளிலும் புளூடூத் என்ற பேச்சே இருக்காது. வாழ்க்கையில் வேறெங்கும் அவனுக்கு இப்படியொரு அதிகாரம் தரப்பட்டதில்லை.

அண்மையில் அந்த இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களே, அவசரக்காரர்களுக்கென்று கட்டி முடித்த பேக்கேஜ்களையும் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். செய்தி வந்த அன்று கொத்தனார் துக்க வீட்டு முகத்தோடு அலைந்தான். கல்லூரி நண்பர்கள் குழுவில், "ஓட்டல் பார்சலைச் சொந்த அடுப்பில் சூடு பண்ணுகிறவனைச் சமையல்காரன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது" என்று எழுதினான். நிறைய பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பார்சல்காரர்கள்.

அக்கா வெட்டுவடிவம் வரைபவள். ஒரு சட்டை என்றால் முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் துணியை எந்த வளைவில் வெட்ட வேண்டுமோ அந்த வடிவத்தைக் கணினியில் வரைவாள். பிறகு சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்சடித்து, ஒட்டி, ஆளுயரக் காகிதமாக்கி, கத்திரிப்பாள். முதல் தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அச்சடித்ததும் அக்கா அதன்மேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பாள். கட்டம் சரியென்றால் சட்டையும் சரி. கட்டம் ஒரு நூல் குறைந்தால் சட்டைக்குள் யாராலும் கையை நுழைக்க முடியாது.

அத்தான் வருவதற்கு முன்னால், அக்காவின் கணினியைப் புதுப்பிக்கும் நாள் இருவருக்கும் விடுமுறை. கட்டும் வேலை நடக்கும்போது அக்காவுக்கு வேறு வேலை கிடையாது, கட்டிக்கொண்டிருப்பது அவளுடைய கணினியாயிற்றே. ஒரு காலை மடித்து நாற்காலியில் போட்டுக்கொண்டு, தேநீரை ஊதிக்கொண்டே, "இப்ப என்னடா கட்டுது?" என்பாள். அவன் திரையில் ஓடும் எழுத்துகளைக் காட்டி விளக்குவான். அவளுக்கு ஒன்றும் புரியாது. "ஓ, அப்படியா" என்றுவிட்டு, துணிக்கடைக்காரர் நிறத்தை ஏமாற்றிய கதையைச் சொல்லத் தொடங்குவாள். கட்டி முடித்ததும் இருவரும் தெருமுனை அச்சுக்கடைக்கு நடந்துபோய்த் தாள்களை எடுத்து வருவார்கள். இந்த இயங்குதளத்தின் இந்த வசதி எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை.

லிஃப்ட் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அத்தான், இரண்டு பெட்டி, ஒரு பிரிண்டர், வாயில் ஓயாத ஒரு விசில் ஆகியவற்றோடு வந்து சேர்ந்தார். பிரிண்டர் கூடத்து மூலையில் உட்கார்ந்தது. தெருமுனைக் கடைக்கு நடப்பது நின்றது. விசில் வீடு முழுக்கச் சுற்றியது. கணினியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் கொத்தனாரால் தாங்க முடியாத விஷயம். தெரிந்தவனிடம் தோற்றாலும் ஒரு மரியாதை இருக்கிறது.

போன வாரம் அவர் அடுத்த அடியைப் போட்டார். ஒரு புது மடிக்கணினி வாங்கி வந்தார்.

"பெட்டியைப் பிரிச்சோம், பட்டனை அமுக்கினோம், வந்துடுச்சு! ஒண்ணுமே கட்டல மச்சான்!" குழந்தை மாதிரி பூரித்துப் போனார். "உன் அக்காவுக்கும் உதவும், எனக்கும் ஆஃபீஸ் வேலைக்கு ஆகும்."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியாது."

"தெரியாம எப்படி நம்பி உக்கார்றீங்க?"

"லிஃப்ட்ல ஏறுறவன் எல்லாம் கயிறு திரிச்சுட்டா மச்சான் ஏறுறான்?"

அக்கா சிரித்தாள். சிரித்ததோடு நிற்கவில்லை. "பரவாயில்லடா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது. நம்மளோடது கொட்டாவி விட்டு எழுந்து வர்றதுக்குள்ள நான் டீயே குடிச்சுடுவேன்" என்றாள். நம்மளோடது என்று அவள் சொன்னதில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

அந்த வார இறுதியில் அக்காவும் அத்தானும் துணி எடுக்கப் போனார்கள். மருத்துவமனை செவிலியர்களுக்கான கோட்டு ஒன்றுக்கு அக்கா வெட்டுவடிவம் வரைந்துகொண்டிருந்தாள். பெரிய தையல் கூடம் நடத்தும் ஒரு மேடம் அதைப் பார்க்க வீட்டுக்கே வரப்போகிறார். பிடித்துவிட்டால் அந்தக் கூடத்துக்கு வேண்டிய வடிவங்கள் எல்லாம் இனி அக்காவுடையவை. வீட்டை விட்டு நகராமல் நிலையான வேலை. கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, "மேடம் வந்துட்டுப் போற வரைக்கும் என் மெஷின்ல கை வைக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கதவு சாத்தும் சத்தம் அடங்குவதற்குள் கொத்தனார் தன் அறையிலேயே வைத்திருந்த அக்காவின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். கை வைக்காதே என்றுதானே சொன்னாள். வேகமாக்காதே என்று சொல்லவில்லையே.

கணினியின் உடம்பில் தேவையில்லாத சதையைக் குறைத்தால் சுறுசுறுப்பாகிவிடும் என்று கணக்குப் போட்டான். எது தேவையில்லாத சதை? பட்டியலைப் பார்த்தான். புளூடூத். அத்தானின் காதொலிப்பானைத் தவிர அதற்கு இந்த வீட்டில் வேலை இல்லை. வேண்டாம் என்று எழுதினான். அடுத்து அச்சு. அவன் விரல் கொஞ்சம் நின்றது. திறந்த கதவு வழியே, கூடத்து மூலையில் அத்தானின் பிரிண்டர் பச்சை விளக்கோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அச்சு வேண்டுமென்றால் தெருமுனையில் கடை இல்லையா? பழையபடி சேர்ந்து நடந்துபோனால் கால் தேய்ந்தா போகும்? வேண்டாம் என்று எழுதினான். எழுதியபோது மனசுக்கு என்னவோ இதமாக இருந்தது.

கட்டும் வேலை தொடங்கியது. வழியில் ஒருமுறை நின்று, இரண்டு பேக்கேஜ்களின் பெயரைச் சொல்லி, இவை இரண்டும் ஒரே கணினியில் இருக்க முடியாது, ஒன்றை நீக்கினால்தான் மேலே போக முடியும் என்று அறிவித்தது. கொத்தனார் அந்த வாக்கியத்தை இரண்டு தரம் படித்தான். இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஆள் இந்த வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்ததும் துப்புரவு. யாரும் பெயர் சொல்லிக் கேட்டு வராமல், வேறொன்றுக்குத் துணையாக உள்ளே வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாமல் கிடக்கும் பேக்கேஜ்களைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளும் கட்டளை அது. தட்டிவிட்டு வேடிக்கை பார்த்தவனுக்குத் திடீரென்று ஒரு விபரீத எண்ணம் வந்தது. அத்தானை அக்கா பெயர் சொல்லிக் கேட்டு வரவழைத்தாள். நான்? கல்லூரி பக்கம் என்று துணைக்கு வந்தவன். இந்த வீட்டில் யாராவது இந்தக் கட்டளையைத் தட்டினால்? அவன் திரையை அணைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தான்.

மறுநாள் அக்கா கணினியைத் திறந்து, "அட, சீக்கிரமா வருதே!" என்றாள். அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பழகிடுச்சு போல" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

மேடம் வரும் நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தான் புது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆஃபீசுக்குப் போய்விட்டார். அக்கா கடைசியாகக் கைப்பகுதியின் வளைவைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்துவிட்டு, காகிதத்தைப் பிரிண்டரில் அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி! பிரிண்ட்டக் காணோம்டா."

அவன் வந்து நின்றான்.

"இங்கதான இருக்கும்? சேமி, திற, மூடு எல்லாம் இருக்கு. பிரிண்ட் மட்டும் இல்ல. என்னடா இது, பல்லு விழுந்த மாதிரி?"

"எடுத்துட்டேன்."

"எதை?"

"பிரிண்ட் வசதியை. எல்லா பேக்கேஜ்லேர்ந்தும். என்னோட மெஷின்ல எப்பவோ எடுத்தாச்சு. தேவையில்லாத சுமைக்கா."

"யாருக்குத் தேவையில்ல?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. வாயால் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

"கடைல எடுத்துக்கலாம்கா. நம்ம தெருமுனைக் கடைல. இரு, ரெண்டே நிமிஷம், பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போலாம்."

"கொழுப்பாடா? அது ஜூஸ் கடையாகி எவ்வளவு நாளாச்சு."

அவனுக்குத் தெரியாது. அத்தானின் பிரிண்டர் வந்த பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. "வேற கடை…"

"வேற கடைக்காரன் தாளுக்கு அடங்கணும்னு சுருக்கி அடிப்பான். ஒவ்வொருத்தனுக்கும் விளக்கி, திரும்ப அடிச்சு, ஒட்டி, வெட்டி… மேடம் வந்துடுவாங்கடா!" அக்காவின் கையில் கத்திரிக்கோல் வெறுமனே திறந்து திறந்து மூடியது. பதற்றம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். "அவரை வரச் சொல்லட்டுமா? அந்த லேப்டாப்ப எடுத்துட்டு வந்துடுவார்."

"வேண்டாம்!" அவன் போட்ட சத்தத்தில் அவனே திடுக்கிட்டான். "நான் திரும்பக் கட்டித் தர்றேன். உக்காரு நீ."

அச்சு வேண்டும் என்று எழுதினான். கணினி கணக்குப் போட்டுப் பார்த்தது. வரைகலை மென்பொருள், அது நிற்கும் அடித்தளம், அதன் அடித்தளம் என்று எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும் என்றது. அவன் சரி என்றான். ஹெலிகாப்டர் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் அக்கா இரண்டு கோப்பை தேநீரோடு வந்தாள். ஒரு காலை மடித்து நாற்காலியில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னடா கட்டுது?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு! அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதுதான்கா எழுத்துருவைத் திரையில வரையற பகுதி. இது இல்லாம மேல இருக்கறது நிக்காது."

"ஓ, அப்படியா."

அவன் துணிக்கடைக்காரர் கதைக்காகக் காத்திருந்தான். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். "மேடம் வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்ல?" என்றாள்.

மாலை வரைக்கும் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். "முடிஞ்சுடும்" என்றான். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

வாசலில் விசில் கேட்டது. படிகளில் தடதடவென்று ஏறிவந்த அத்தான், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். மடிக்கணினிப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா தேநீர் போடப் போன சாக்கில் அவருக்குச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஃபோன்ல நீ அழுவுற மாதிரி இருந்துச்சே! எங்க, பென் டிரைவ்ல போட்டுக் கொடு கொடு. மச்சான், ஹெலிகாப்டர் எங்க இறங்குதுன்னு பாத்துட்டே இரு, நாங்க ரோட்டுல போயிடறோம்."

அக்கா எழுந்து கூடத்துக்குப் போனாள். அவள் கோப்பை பாதித் தேநீரோடு அவன் பக்கத்திலேயே இருந்தது.

கொத்தனார் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். கூடத்து மேசையில் மடிக்கணினி திறந்தது. அத்தான் பட்டனை அமுக்கினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. "புதுப்பிக்கப்படுகிறது. தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம்" என்று வந்தது.

கடவுள் இருக்கிறார் என்று கொத்தனார் அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பினான்.

"என்னங்க இது?"

"ஆஃபீஸ்லயே கேட்டுச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அது இப்பதான் அப்புறம்னு நெனச்சுடுச்சு போல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கெப்படித் தெரியும்? லிஃப்ட் நடுவுல நின்னா என்ன பண்ணுவோம்? சுவரைப் பாத்துட்டு நிப்போம்."

அக்காவுக்குக் கோபம் வரும் என்று கொத்தனார் எதிர்பார்த்தான், உண்மையைச் சொன்னால் வேண்டிக்கொண்டான். அக்கா நாற்காலியை அத்தானுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். ஒரு காலை மடித்து அதில் வைத்துக்கொண்டாள். சுற்றும் வட்டத்தைக் காட்டி, "இப்ப என்னங்க பண்ணுது?" என்றாள்.

அத்தான் திரையை உற்றுப் பார்த்தார். "சுத்துது" என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் பதற்றத்தின் ஈரம் இருந்தது, இருந்தும் சிரித்தாள். சிரித்து முடித்து, "அன்னிக்குத் துணிக்கடைல என்னாச்சு தெரியுமா…" என்று ஆரம்பித்தாள்.

கொத்தனாரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. புது மடிக்கணினியை மன்னிக்கலாம். பிரிண்டரை மன்னிக்கலாம். காத்திருப்பு அவனுடையது. மூலநிரலிலிருந்து கல் கல்லாக அவன் கட்டிய காத்திருப்பு அது. அதை ஒருத்தர் பெட்டியோடு கடையில் வாங்கி வந்து, நோகாமல் உட்கார்ந்து அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் திரும்பினான். திரையில் எழுத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. கூடத்தில் வட்டம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். நின்றால் எல்லாம் முடிந்தது. மேடம் வருவார், அத்தானின் பெட்டியிலிருந்து வந்த காகிதத்தைப் பாராட்டுவார், அக்காவின் கணினியை யாராவது துணி போட்டு மூடி வைப்பார்கள்.

கதவை ஒருக்களித்துச் சாத்தினான். கட்டும் வேலையை நிறுத்தினான். அக்கம் பக்கம் பார்த்தான், தன் அறையில் தானே திருடன் மாதிரி. அமைப்புக் கோப்பில் பார்சல் பேக்கேஜ்களுக்கு எதிரே தன் கையால் எழுதியிருந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத் திருத்தினான். கட்டி முடித்த பேக்கேஜ் இருந்தால் அதையே இறக்கு என்று தட்டினான்.

பார்சல் வந்தது. சண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை, வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாருக்குமாகக் கட்டியது என்பதால் அதில் அச்சு இருந்தது. எல்லார் வீட்டிலும் ஒரு பிரிண்டரும் ஒரு அத்தானும் இருப்பார்கள் என்று நினைத்துக் கட்டியிருந்தார்கள் போல.

அப்போதுதான் அந்த அமைதி அவன் காதில் விழுந்தது. கட்டுமானம் நின்றதால் கணினியின் விசிறி அடங்கிப்போயிருந்தது.

"தம்பி!" கூடத்திலிருந்து அக்காவின் குரல். "என்னடா சத்தமே காணோம்? போச்சா?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். அலமாரிமேல் பழைய மேசை விசிறி இருந்தது. இறக்கி, சுவரைப் பார்க்க வைத்து, வேகத்தைக் கடைசிவரைத் திருப்பினான். அது கடகடத்துக்கொண்டு கிளம்பியது.

"இல்லக்கா! கடைசிக் கட்டம்!"

"ஹெலிகாப்டர் மறுபடி ஏறிடுச்சு" என்றார் அத்தான்.

கௌரவத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கலாமா என்று யோசித்தான். இப்போது கூப்பிட்டால் அக்கா வந்து, பாதித் தேநீரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காரவும் கூடும். கூடத்தில் சிரிப்பு நின்று, கத்திரிக்கோல் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திறந்தது, மூடியது, திறந்தது.

"அக்கா, வா. ஆயிடுச்சு."

முதல் தாள் வெளியே வந்தது. அக்கா மூலைக் கட்டத்தின்மேல் அளவுகோலை வைத்தாள். மூன்று தலைகள் அதன்மேல் குனிந்தன. கட்டம் அச்சு அசலாக இருந்தது. அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அது சும்மா வைத்தது. அடுத்து ஒரு குட்டு வைத்தாள், அது அச்சை எடுத்ததற்கு. தாள்கள் வரவர மூவரும் தரையில் மண்டிபோட்டு ஒட்டினார்கள். அத்தான் ஒரு கைப்பகுதியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "இது தலைகீழா நிக்கற நர்ஸுக்கு" என்றார். கொத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான்.

மேடம் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, காகிதக் கோட்டைத் தன் உடம்பின்மேலேயே வைத்துப் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார், குனிந்தார். "தோள்பட்டை இழுக்கல. நல்லா இருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து அனுப்பிடறேன்" என்றார். பிறகு, "கம்ப்யூட்டர்லயே எல்லாம் பண்றியா? எங்க இடத்துல அது தினம் ஒரு பாடு. உனக்கு யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"என் தம்பிதான்" என்றாள் அக்கா. யோசிக்காமல் சொன்னாள்.

"சாதாரணமா நெனச்சுடாதீங்க மேடம்" என்றார் அத்தான். "எல்லாம் சொந்தக் கையால கட்டுறது. ஒரு ஆணியைக்கூட வெளில வாங்க மாட்டான்."

கொத்தனார் அத்தானின் முகத்தில் கிண்டலைத் தேடினான். அத்தான் மனசாரச் சொல்லிக்கொண்டிருந்தார். கிண்டலாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

மேடம் போன பிறகு அக்காவும் அத்தானும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மீந்த காகிதங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மேசை விசிறியை அணைக்க அறைக்குப் போனான்.

மேசைமேல் அவனுடைய சொந்தக் கணினி திறந்திருந்தது. உலாவிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று ஓரமாக அறிவிப்பு. இருக்கும் பேக்கேஜ்களிலேயே பெரியது அது. இப்போது கட்டத் தொடங்கினால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருக்க முடியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அவன் நாற்காலியை இழுத்தான்.

"டேய், டீ ஆறுது!" அக்கா கூப்பிட்டாள். "துணிக்கடைக் கதையை இவர் பாதியிலேயே கெடுத்துட்டார். நீ வந்தா முதல்லேர்ந்து சொல்லுவேன். வேலை இருந்தா முடிச்சுட்டு வா."

"கட்டட வேலை மச்சானுக்கு. மெதுவாத்தான் வருவான்" என்றார் அத்தான்.

அவன் கதவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். உட்காராமல், நின்றபடியே குனிந்து, 'வேண்டாம்' என்ற அந்த ஒரு சொல்லைத் தன் கணினியிலும் திருத்தினான். பார்சல் இறங்கத் தொடங்கியது.

"வந்துட்டேன்" என்றபடி கூடத்துக்குப் போனான். மேசை விசிறியை அணைக்கவில்லை. அது அறைக்குள் தனியாக, சுவரைப் பார்த்துக்கொண்டு, கடகடவென்று கட்டிக்கொண்டிருந்தது.